சுவர்ப் பக்கம் சாய்ந்த முளைகள்

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை, கண்ணு. கல்யாணமாகி வரும் முதல் திருவிழாவிலேயே உன் மாமியார் உன்னை முளைப்பாரி போடச் சொல்லிவிட்டார், விதை தூவும்போது அம்மாவும் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்றாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். உன் குரல் சுருங்கிப் போனது எனக்குக் கேட்டது. புக்கிட் செந்தோசாவிலிருந்து சுங்கை சோவுக்கு வருவது எனக்கு ஒரு தூரமே இல்லை. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறேன். கோயிலுக்கு வருகிறேன், ஊர்வலத்தில் உன் பக்கத்திலேயே நடக்கிறேன். முளைகள் வளரும் அந்த இருட்டு அறைக்குள் மட்டும் என்னைக் கூப்பிடாதே. சயன்ஸ் டீச்சராக இருந்த அம்மா இருட்டைக் கண்டு பயப்படுகிறாளே என்று நீ சிரிக்கலாம். சிரித்துவிட்டு, இதை முழுக்கப் படி. உன் அப்பாவிடம்கூட இதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன், கோல சிலாங்கூர் பக்கம், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் காளியம்மா அக்கா வீட்டில் தங்க இடம் கிடைத்தது. பள்ளியில் ஆய்வுக்கூடமும் இல்லை, கண்ணாடிச் சாமானும் இல்லை. கோலாலம்பூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கிலப் புத்தகம் என்னிடம் இருந்தது. செடி எதைத் தின்று வளர்கிறது என்று முதன்முதலில் கேட்டவர்களைப் பற்றிய புத்தகம். அதைத்தான் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுவேன். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் தொட்டியில் மண்ணை நிறுத்துப் போட்டு ஒரு மரக்கன்றை நட்டார். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் ஊற்றவில்லை. ஐந்து வருடம் கழித்து மரம் ஆள் தூக்க முடியாத கனம். மண்ணோ அப்படியே இருந்தது, குறைந்தது ஒரு கைப்பிடிதான். அப்படியானால் மரம் எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து என்று அவர் நினைத்தார். பாதிதான் சரி. மீதி காற்றிலிருந்து வந்தது என்று தெரிய அதன் பிறகும் நெடுங்காலம் ஆனது.

காற்றைப் பற்றிச் சொன்னபோதுதான் பிள்ளைகள் பயந்தார்கள். ஒரு பாதிரியார் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து அதற்குள் மெழுகுவர்த்தியை எரியவிட்டார். சற்று நேரத்தில் அது அணைந்தது. எலியை வைத்தார், அது மயங்கி விழுந்தது. அதே கெட்ட காற்றில் ஒரு கொத்துப் புதினாவைச் சில நாள் வைத்திருந்து, திரும்ப மெழுகுவர்த்தியை வைத்தால் எரிந்தது. எலியும் உயிரோடு இருந்தது. அவருக்குப் பின் வந்த டச்சு மருத்துவர் ஒருவர், செடி இந்த வேலையை வெளிச்சத்தில் மட்டும்தான் செய்கிறது, அதுவும் பச்சையாக இருக்கிற பாகம்தான் செய்கிறது, இருட்டில் வைத்தால் அதுவும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தார். "அப்போ புளிய மரத்துல பேய் இருக்குன்னு சொல்றது இதான் டீச்சரா?" என்று ஒரு பெண் கேட்டாள். இருக்கலாம் என்றேன். அந்தத் தோட்டத்தில் எதற்கும் முதல் விளக்கம் பேய்தான்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட வேண்டிய நேரம் வந்தது. லயத்துக் கடைசியில் ஆள் குடியில்லாத ஒரு வீடு. அதன் பின்னறையில் பாரிகளை வைக்கலாம் என்று கோயில் தலைவர் முடிவு செய்தார். அந்த வீட்டுக்கு ஒட்டினாற்போல, பலகைச் சுவர் ஒன்றையே பங்கு போட்டுக்கொண்டு இருந்தது அஞ்சலையின் வீடு. அஞ்சலை கணவனை இழந்தவள். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை செய்தாள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு லெட்சுமி என்று ஒரே மகள். ஈப்போவில் மாமன் வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள் என்று நான் வருவதற்குச் சில மாதம் முன்பு சொல்லியிருந்தாள். சடங்கெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டதாம். அந்த வீட்டைப் பாரிக்கு எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், என்றும் வாய் திறக்காத அஞ்சலை தலைவர் வாசலில் போய் நின்றாள். "அந்த வீடு வேணாங்க. ஈரம் ஏறுன வீடு" என்றாள். வேறு காரணம் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் திரும்பிவிட்டாள். தலைவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்து அறையை இருட்டாக்கினார்கள். மண்ணும் எருவும் போட்ட பாரிகளில் நவதானியம் தூவி வரிசையாக வைத்தார்கள். உள்ளே போகும் உரிமை விரதம் இருந்த காளியம்மா அக்காவுக்கு மட்டும். பொழுது சாயும் நேரத்தில் அகல் விளக்கோடு போய், விளக்கைக் கதவோரம் வைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்து வருவார். முன்னறையில் பெண்கள் கும்மி கொட்டிப் பாடுவார்கள். முளைகள் விரல் நீளம் வந்திருந்த ஒரு மாலை, அக்கா உள்ளே போனவர் உடனே வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "எல்லாம் அந்தப் பக்கமா தலைய சாய்ச்சிருக்கு" என்றார். "எந்தப் பக்கம்?" என்றாள் ஒருத்தி. அக்கா கையை மட்டும் நீட்டிக் காட்டினார். அஞ்சலை வீட்டுச் சுவர்.

அதை நான் கதவருகில் நின்று எட்டிப் பார்த்தேன். மஞ்சளும் வெள்ளையுமாக, ரத்தமில்லாத விரல்கள் போல நூற்றுக்கணக்கான முளைகள், ஒன்றுகூடத் தவறாமல், யாரோ கூப்பிட்டதைக் கேட்டுத் திரும்பியதுபோல ஒரே பக்கம் வளைந்து நின்றன. பெண்கள் அன்று பாட்டைச் சீக்கிரம் முடித்தார்கள். கடைசி வரி முடிந்து கை தட்டல் நின்ற பிறகு, அந்த வரியை யாரோ ஒருத்தி தாழ்ந்த குரலில் இன்னொரு முறை பாடினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் யாருடைய வாயும் அசையவில்லை. "லெட்சுமி குரலுடி அது" என்றாள் அவளோடு படித்த ஒரு பெண். அவ்வளவுதான். செருப்பைக்கூடத் தேடாமல் எல்லோரும் வெளியே ஓடினார்கள்.

மறுநாள் முழுக்க லயத்தில் இதே பேச்சு. செத்தவள் முளையை அழைக்கிறாள் என்றார்கள். தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்து ஒரு மந்திரவாதியை வரவழைக்கத் தலைவர் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை அவர் வந்து, இரண்டு வீட்டையும் இறுக்கச் சாத்தி, மிளகாயும் வேறு எதையெதையோ போட்டுப் புகை மூட்டுவார் என்று ஏற்பாடு. அஞ்சலையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சொல்லிவிட்டு வந்தார்கள், அவ்வளவே.

என் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தில் ஒரு தகப்பனும் மகனும் செய்த சோதனை இருந்தது. இருட்டறையில் புல் முளைகளை வளர்த்து, ஒரு பக்கத்தில் சின்ன விளக்கை வைத்தார்கள். எல்லாம் விளக்கை நோக்கி வளைந்தன. சில முளைகளின் நுனிக்கு மட்டும் ஒளி புகாத குல்லாய் போட்டார்கள். அவை வளையாமல் நேராக நின்றன. முளைக்குக் கண் அதன் நுனியில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். காளியம்மா அக்காவைக் கெஞ்சி, குளித்து ஈரச் சேலையோடு ஒருமுறை உள்ளே போக அனுமதி வாங்கினேன். சில பாரிகளைத் திருப்பி வைத்தேன். ஒரு சிறிய பாரியில் இருந்த சோள முளைகளுக்கு மட்டும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் குல்லாய் செய்து மாட்டினேன். மறுநாள் பார்த்தபோது, திருப்பி வைத்த முளைகள் பாம்பு போல நெளிந்து திரும்பவும் அதே சுவரைப் பார்த்தன. குல்லாய் போட்டவை வளைவு நிமிர்ந்து நேராக நின்றன. பேய் கூப்பிட்டிருந்தால் குல்லாய் போட்டவற்றுக்கும் கேட்டிருக்கும். அப்படியானால் அது வெளிச்சம். சாக்கு அடித்த அறையில், கதவோரம் வைத்த அகலுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், வெளிச்சம். உண்மையைச் சொல்கிறேன், பேய் என்று நினைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் லயம் வெறிச்சோடிக் கிடந்தது. அக்காவும் மற்றவர்களோடு டவுனுக்குப் போயிருந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஈர மண் வாடையும், முளைகளின் பச்சை வாடையும். மூச்சு கனமாக இருந்தது. அந்த எலியின் நினைவு வந்தது. கண் பழகியதும், பலகைச் சுவரின் கீழ்ப்பாகத்தில் கடுகளவு மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தது. ஆணி இருந்த ஓட்டை. குனிந்து அதன் எதிரே முகத்தைக் கொண்டுபோனேன். புள்ளி அணைந்தது. திரும்ப வந்தது. மறுபடி அணைந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆனது. எழுந்து ஓட முடியவில்லை.

"டீச்சர்தானே?" என்றது சுவர். "மொள எவ்ளோ உயரம் வந்திருக்கு டீச்சர்?"

நான் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தேன். "பயப்படாதீங்க. நான் செத்துட்டேன்னு சொல்லியிருப்பாங்க. சாகலைலா. இதப் பாக்கணும்னுதான் ஆணியப் புடுங்குனேன். ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, ஒரே இருட்டு."

"நீ லெட்சுமியா?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர். அம்மா இன்னிக்கும் பழம் பொறுக்கப் போயிருக்கு. சத்தமா பேசாதீங்க."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, அந்த ஓட்டை வழியாக அவள் சொன்னதைக் கேட்டேன். தொடையிலும் முதுகிலும் வெளுத்த தேமல் வந்ததாம். கிள்ளினால் உணர்ச்சி இல்லை. அம்மா அதைப் பார்த்த அன்று சோறு பொங்கவில்லை. பிறகு ஒருநாள் பஸ் ஏற்றி அழைத்துப்போய், இருட்டிய பின் யாருக்கும் தெரியாமல் திருப்பி அழைத்துவந்து பின்னறையில் விட்டுப் பூட்டினாள். இருட்டு பயம் என்று இவள் அழுததால் ஒரு சிம்னி விளக்கைப் பகலிலும் எரிய வைத்தாள். "இப்போ வாசப்படி எந்தப் பக்கம்னே சில நேரம் மறந்து போவுது டீச்சர்" என்றாள். அழுகையே இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்று மாலையே அந்தச் சிறிய பாரியைத் தூக்கிக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "எம்பொண்ணு செத்துப்போச்சு டீச்சர். செத்ததப் பத்திப் பேசாதீங்க" என்றாள். ஓரத்தில் நேராக நின்ற சோளத்தையும், அதைச் சுற்றி வளைந்து கிடந்த மற்ற முளைகளையும் காட்டினேன். "உங்க வீட்டு வெளக்கப் பாத்துத்தான் இதெல்லாம் சாஞ்சிருக்கு. வெள்ளிக்கிழம வீட்டச் சாத்திப் பொக போடப் போறாங்க. உள்ள இருக்குற ஆளுக்கு மூச்சு நின்னுபோகும்" என்றேன். அவள் பாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவு நிலையைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "நான் சின்னப் புள்ளையா இருக்கறப்போ எங்கம்மாவ லோரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க, சுங்கை பூலோ பக்கம். இந்த வியாதிதான். திரும்பி வரவே இல்ல. எங்க பொதச்சாங்கன்னும் தெரியாது. உயிரோட இருக்கறவளத்தான டீச்சர் தேடி வருவாங்க? செத்தவள யாரு தேடப் போறா?" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கோல சிலாங்கூருக்குப் பஸ் ஏறினேன். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் மிஸ்ஸி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். யாருக்கு என்று சொல்லாமல் தொழுநோயைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் மாத்திரை வந்துருச்சு. சாப்பிட்டா பரவாது. யாரையும் பூட்டி வைக்கிறதில்ல. சீக்கிரம் கொண்டுவரச் சொல்லுங்க, நரம்பு போனா அது மட்டும் திரும்ப வராது" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். தலைவரிடம் நேராகப் போய், ஆணி ஓட்டை வழியாக அஞ்சலை வீட்டு விளக்கு வெளிச்சம் வருகிறது, பாரி அதற்குத்தான் சாய்கிறது, பாட்டும் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான் என்று சொன்னேன். வெள்ளித்தாள் மாட்டிய சோளத்தைக் காட்டினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் மந்திரவாதி வரவில்லை. ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தார்கள். மிஸ்ஸி சொன்னதை அஞ்சலையிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்; லயம் காலியாகும் ஊர்வல நாளில் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தாள்.

ஊர்வலத்தன்று லயமே ஆற்றங்கரைக்குப் போனது. மேளச் சத்தம் தூரத்தில் தேய்ந்ததும் அஞ்சலை பூட்டைத் திறந்தாள். லெட்சுமி வாசலுக்கு வந்து வெயிலைக் கண்டதும் அப்படியே முகத்தை மூடிக்கொண்டாள். அந்த முளைகளின் நிறம்தான் அவள் கையிலும் கழுத்திலும் இருந்தது. அம்மாவின் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு டாக்சியில் ஏறினாள். குல்லாய் மாட்டிச் சோதனை செய்த பாரி சாமிக்கு ஆகாது என்று இருட்டறை மூலையிலேயே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். செம்பனைக் காட்டைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறி, ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து, கூப்பிடும்வரை வெளிவராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். சேலை விளிம்புக்குள்ளிருந்து அவள் பாரியையே பார்த்தபடி இருந்தாள். மதியம் தாண்டியபோது, "டீச்சர், மஞ்சளா இருந்ததுலா. நெறம் மாறுது பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். உண்மைதான். சாம்பல் பூத்ததுபோல மெல்லிய பச்சை எல்லா இலையிலும் படர்ந்திருந்தது. அதுவரை விதைக்குள் இருந்ததைத் தின்று வளர்ந்தது, இனிமேல்தான் சொந்தமாகச் சாப்பிடப் போகிறது என்று சொன்னேன். அஞ்சலை மகளை விட்டுத் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நேரமும் ஒரு லோரி வந்து நிற்கும் என்பதுபோல.

கண்ணு, இருட்டில் வளரும் முளை உயரமாக வளர்வது செழிப்பால் அல்ல. வெளிச்சத்தைத் தேடி உள்ளதையெல்லாம் செலவழித்து நீள்கிறது. உன் பாரி குட்டையாக வந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ, புது மருமகளின் ராசி என்று யாராவது வாயெடுப்பார்கள். நீ சண்டைக்குப் போகாதே, அழவும் செய்யாதே. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போய் என்ன இருக்கிறது என்று பார். பெரும்பாலும் கதவிடுக்காகத்தான் இருக்கும். உன் மாமியார் நல்லவர், சொன்னால் கேட்பார். நான் அந்த அறைக்கு வராததற்குக் காரணம் சாமியுமில்லை, பேயுமில்லை. இருட்டில் முளை வாடை பட்டால், சுவரில் அந்தப் புள்ளி அணைந்து அணைந்து எரிவது இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. அந்தக் கண் என்னைப் பார்க்கும் முன்பு எத்தனை நாள் வெறும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததோ என்று தோன்றும். அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

லெட்சுமி குணமானாள். இன்று ரவாங்கில் பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். ஆனால் அவள் லயத்துக்குத் திரும்பி வந்த நாளைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சிகிச்சையின் பெரும்பகுதியை உறவினர் வீட்டிலிருந்து முடித்து, அடுத்த ஆண்டு அவளை நான்தான் அழைத்து வந்தேன். நல்ல வெயில் நேரம். செத்தவள் நடந்து வருவதைப் பார்த்து லயத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அஞ்சலை வாசலுக்கு வந்தாள். மாதாமாதம் மாத்திரை வாங்கும் நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்து மகளைப் பார்த்தவள்தான். ஆனால் அங்கே, அந்த வாசலில், அத்தனை பேரிடமும் செத்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய அதே இடத்தில், அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களைப் பார்த்தாள். அவை தரையில் படுகின்றனவா என்று பார்த்தாள். லெட்சுமிக்கு அது புரிந்துவிட்டது.

"தரையிலதாம்மா நிக்கிறேன்" என்றாள்.

அஞ்சலை மண்ணில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் மகளின் இடது காலைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. லெட்சுமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அந்தக் கால்ல புடிச்சா எனக்குத் தெரியாதும்மா. இந்தக் கால்ல புடி."

அன்புடன்,
அம்மா